தங்கத் தொட்டியும் நானும்

இலவச மியூசியத்தில் வேலை பார்ப்பவர்கள் முதலில் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட வேண்டும்: வருகிறவர்களில் பாதிப் பேர் பாத்ரூம் தேடி வருகிறவர்கள்.

சான் ஹோசேக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கலிஃபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தைப் பற்றி இரண்டே அறைகளில் ஒரு மியூசியம். சிட்டி நடத்துவது. எனக்கு வொர்க் பர்மிட் இன்னும் வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்ப்பதற்குப் பதில் சனிக்கிழமைகளில் அங்கே வாலன்டியர். சம்பளமில்லாமல் உழைக்கும் சகோதர சகோதரிகளே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

சும்மா

ஒரு அங்கிள் வாசலிலேயே நின்று டிக்கெட் எங்கே என்று கேட்டார். டிக்கெட் இல்லை, சும்மா பார்க்கலாம் என்று தமிழிலேயே சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகனிடம் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "ஃப்ரீயாம். தமிழ்ப் பொண்ணா பாத்து வேற நிறுத்தி வச்சிருக்கான். கடைசில எதையாவது தலைல கட்டுவாங்க, கையெழுத்து மட்டும் போட்டுடாத."

அட்சய திருதியை

இன்னொரு சனிக்கிழமை. அன்று அட்சய திருதியை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு இளம் ஜோடி வந்தது. கணவர் மற்ற எதையும் ஏறெடுத்தும் பார்க்காமல், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தங்கக் கட்டியின் முன்னால் மனைவியைக் கொண்டுபோய் நிறுத்தினார். கட்டி மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். அவள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். அவர் அசரவில்லை. "இன்னிக்கு வாங்கித்தான் ஆகணும்னு இல்லம்மா, கண்ணால பாத்தாலே கணக்குதான்" என்றார்.

குண்டு

மியூசியத்தின் பின்பக்கம் ஒரு தகரத் தொட்டி. மணல், தண்ணீர், கூடவே பைரைட் துகள்கள். பார்க்கத் தங்கம் மாதிரியே மின்னும். இங்கே அதற்கு முட்டாள் தங்கம் என்று பெயர். மணலைத் தட்டில் அள்ளி நீரில் சுழற்றினால் லேசானது வெளியே போகும், கனமானது அடியில் தங்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை.

மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு ஆன்ட்டி, தானும் அலசிப் பார்க்கிறேன் என்று குனிந்தார். பயணத்துக்குப் பயந்து தாலிச் செயினை ஊரிலேயே லாக்கரில் வைத்துவிட்டு, தாலியையும் அதன் குண்டுகளையும் மஞ்சள் சரட்டில் கோத்துப் போட்டிருந்தார். சரடு தட்டின் விளிம்பில் மாட்டி அறுந்தது. தாலியைப் பிடித்துவிட்டார். ஒரு தங்கக் குண்டு மட்டும் தொட்டிக்குள் போய்விட்டது.

"போகட்டும் விடு, வேற வாங்கிக்கலாம்" என்றார் அவர் கணவர். ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஊருக்குப் போனதும் இவருக்கு ஆஞ்சியோம்மா. இப்பப் போய் இது அறுந்து விழணுமா?" என்று என்னிடம்தான் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

சூப்பர்வைசர் லிண்டா ஓடி வந்து, தண்ணீரை வடித்துவிடலாம் என்று தொட்டியின் அடைப்பில் கை வைத்தாள். குண்டும் சேர்ந்து போய்விடும் என்று தடுத்தேன்.

"ஆன்ட்டி, குண்டு கெட்டியா, உள்ள அரக்கா?"

"கெட்டிதான்மா. ஆசாரி எதிர்ல உக்காந்து செஞ்சு வாங்கினது."

உள்ளே அரக்கு அடைத்தது என்றால் லேசு, மணலோடு போனாலும் போய்விடும். கெட்டித் தங்கம் என்றால் கனம், அடியில் நிற்கும். வாராவாரம் பிள்ளைகளுக்கு ஒப்பிப்பதை அன்றைக்கு நானே நம்ப வேண்டியிருந்தது. அவர் குனிந்த இடத்திலிருந்து மணலை அள்ளி அள்ளி மெதுவாகச் சுழற்றினேன். லிண்டா வேறு யாரையும் தொட்டிப் பக்கம் விடவில்லை. வெகு நேரம் கழித்து, பளபளக்கும் பைரைட்டுக்கு நடுவில், பளபளக்காமல் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஆன்ட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சரட்டில் கோத்து, முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டார். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார்: "ம், இனிமே நீங்க தைரியமா ஆஞ்சியோ பண்ணிக்கலாம்."

தங்கம் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் எத்தனையோ பேர்; கொண்டுவந்த தங்கம் குறையாமல் ஊர் திரும்பியவர் அநேகமாக அந்த ஆன்ட்டி ஒருவராகத்தான் இருப்பார்.