தங்கை செய்த நீலம்

என் தங்கைக்கு நாற்பது வயது. வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆனால் வீட்டில் பால் பொங்கினால் இறக்கி வைக்கத் தோன்றாது. அடுப்பு முன்னால் நின்றுகொண்டே "பொங்குது அக்கா" என்று எனக்குச் சேதி சொல்வாள். அதே கை, ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி கூடக் குறைய விடாது. இப்படி ஒரு பிறவி.

அவள் வேலை எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று. கைபேசித் திரைக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளிவிடும் பொருள்கள் இருக்கின்றனவாம். அதில் நீலம்தான் சவலைப் பிள்ளை, சீக்கிரம் மங்கிவிடும். நெடுநாள் தாங்கும் நீலத்தைச் செய்வதுதான் இவள் பாடு. இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை ஒன்றாக இணைக்க வேண்டும். அதற்குப் பல்லேடியம் என்ற உலோகம் துளி வேண்டும். நான் தையல்காரி. "உன் ஊசி மாதிரிதான் அக்கா. ரெண்டையும் தைச்சுட்டு அது வெளிய வந்துடும்" என்றாள். அப்புறம்தான் மண்டையில் ஏறியது. ஊசி முனை ஒடிந்து துணியிலேயே தங்கினால் உடுத்துகிறவரைக் குத்தும் அல்லவா? அந்த உலோகமும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். திரையின் ஆயுசு போய்விடும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பல்லேடியம் போடாமலே துண்டுகள் இணைந்துவிட்டனவாம். மூன்று தடவை செய்தாளாம், மூன்று தடவையும் நீலம். பதினொரு வருடமாக ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டு கிடப்பவள் அவள். இதைத் தேர்வுக் குழுவுக்குக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று அவளுடைய மேலதிகாரி தன் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

குழு கூடுவது திங்கட்கிழமை. முந்தின நாள் மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு குடுவைகள்.

"இதுல என் பழைய காந்தம். அதுல புதுசு" என்றாள்.

குடுவைக்குள் போட்டால் தானாகச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும், விரல்நுனி அளவு வெள்ளைக் காந்தம் அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவளிடம் ஒன்று இருக்கிறது. ராசியான காந்தமாம், வேறு யாரும் தொட்டால் சண்டைக்குப் போவாள். இத்தனை படித்தவளுக்கு ராசி வேறு! வெள்ளிக்கிழமை அது வேறொரு குடுவையில் சுற்றிக்கொண்டிருந்ததால் புதியதைப் போட்டிருக்கிறாள். நீலம் வரவில்லை. சந்தேகம் வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்திருக்கிறாள்.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினாள். பழைய காந்தம் கிடந்த குடுவை பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. மற்றது மங்கிக் கிடந்தது.

"காந்தத்து மேல கீறல் இருக்கு பாரு. எப்பவோ போட்ட பல்லேடியம் அதுல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியாமலே ஊசி உள்ள இருந்திருக்கு அக்கா."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான்."

"அப்ப வாயை மூடிட்டு இரு. நாளைக்கு முடியட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

சொன்னேன்தான், மறைப்பானேன். அவள் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு, என் கண் முன்னாலேயே மேலதிகாரிக்கு போன் போட்டாள்.

"சார், அது தப்பு. என் காந்தத்துல உலோகம் இருந்திருக்கு. நாளைக்கு அதைக் காட்ட வேண்டாம்."



மறுநாள் குழு கூடியது. நிரந்தரம் இல்லை, இன்னும் ஒரு வருட ஒப்பந்தம். வீட்டுக்கு வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே. யாருடி கேட்டா உன்னை?"

"யாரும் கேக்கல. ஆனா இது கட்டுரையா அச்சுல வந்தா, எங்கேயோ ஒருத்தி படிச்சுட்டு செஞ்சு பாப்பா. அவளுக்கு வராது. தன் கைதான் சரியில்லன்னு நினைச்சுப்பா."

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், யாரோ எழுதிவைத்த ஒரு முறையை எட்டு மாதம் செய்து செய்து தோற்றவள் இவள். "எனக்கு இந்த வேலை வராது அக்கா" என்று குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே நின்று கதவைத் தட்டியவள் நான். அந்த முறையே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. எழுதியவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

"கோவமா அக்கா?"

"ஆமா" என்றேன். நிஜமாகவே கோபம்தான். அந்தக் கோபத்தோடேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "அந்த ஒருத்திக்கு உன்னைத் தெரியவே போறதில்லையேடி."

"தெரிய வேண்டாம்" என்றாள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "அவ அழாம இருந்தா போதும்."