சாவடி தாண்டியதும்

கிராம்பைக் கடித்தால் எனக்கு மைசூர் மாநில எல்லைச் சாவடிதான் நினைவுக்கு வரும். ஐம்பதுகளில் எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அப்பால் கடை திறந்திருக்கும். பெங்களூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் என் அறைத்தோழனும் சனிக்கிழமை மதியம் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்புவோம். எனக்கு ஓசூர், அவனுக்குக் கெலமங்கலம். எல்லைக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு கிளாஸ் பிராந்தி. பிறகு வாய் நிறையக் கிராம்பை மென்று, சாவடிப் போலீஸ்காரர் முன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அவர் கையசைத்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்போம். சாலையைப் பற்றி ஒருநாளும் பயந்ததில்லை. பத்துத் தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதே பதினோராவது தடவைக்கு எங்களுக்குத் தைரியம்.

அந்தச் சனிக்கிழமை அவனுக்குத் தலை சுற்றியது. "டேய், கொஞ்ச நேரம் மரத்தடியில படுத்துட்டுப் போலாம்டா" என்றான்.

"நான் ஓட்டறேன், நீ பின்னால ஏறு" என்றேன். நானும் அவன் அளவுக்குக் குடித்திருந்தேன்.

சாவடி தாண்டியதும் சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினேன். வளைவில் காய்ந்த ராகித்தாள் ஏற்றிய மாட்டுவண்டி எதிரே வந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவன் கால் வண்டிச் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. தாளை இறக்கிப் போட்டு, அதே மாட்டுவண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவனுக்கு நினைவு தப்பியிருந்தது.

ஓடிவந்த அவன் அப்பா, யார் ஓட்டியது என்று கேட்கவே இல்லை. மகனின் வண்டி, மகன்தான் ஓட்டியிருப்பான் என்று முடிவுகட்டிவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ கூட இல்லன்னா எம் புள்ளயப் பொணமாத்தான் பாத்திருப்பேன் சாமி" என்று அழுதார். சொல்லிவிட வாய் திறந்தேன். நாற்றம் அடிக்குமோ என்று மூடிக்கொண்டேன்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் படிப்பு அத்தோடு நின்றது. என்னால் அவன் முகத்தில் விழிக்க முடியவில்லை. பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டேன். பட்டம் வாங்கி, வெளியூரில் உத்தியோகத்துக்கும் போனேன். ஒவ்வொரு அறுவடைக்கும் அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை ராகி அனுப்புவார். லீவில் வரும்போது அந்தக் களியை நானும் தின்றேன்.

அவர் இறந்த செய்தி கேட்டுத்தான் கெலமங்கலம் போனேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு அவனிடம், "அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றான்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கண்ணு முழிச்ச அன்னிக்கே நைனாகிட்ட சொன்னேன். அவரு நம்பல. உசுரக் காப்பாத்தினவன் மேலயே பழி போடறியாடான்னு கேட்டாரு. பொய்க்காரப் பயன்னு கடைசி வரைக்கும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவரு இருக்கறப்ப நீ ஒருவாட்டி வந்திருக்கலாம்."

வேலை, இடமாற்றம், லீவு கிடைக்கவில்லை என்று ஏதேதோ சொன்னேன். இந்த வயதில், தூக்கம் கலையும் விடியற்காலைகளில் அந்தச் சாக்குகள்தான் காதில் விழுகின்றன. அவன் முகத்தில் விழிக்க முடியாமல்தான் வரவில்லை என்ற உண்மையை அன்றும் சொல்லவில்லை. அவன் நம்பியவனைப் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.