புகைப்புரைக்கு வந்த நற்கருணை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அண்ணனைக் குறை சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று பயம். ஆனாலும் கர்த்தர் செய்ததை மூடிவைக்க மனசு கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆள் குடியிருந்தால் வீடு. விறகோ மாடோ கிடந்தால் புரை. வீட்டைவிட்டுத் தள்ளி நிற்கும். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உணக்குகிற இடம் புகைப்புரை. அண்ணன் ரப்பர் பாலை ஷீட் ஆக்காமல் அப்படியே விற்க ஆரம்பித்த பிறகு, அவருடைய புகைப்புரை சும்மா கிடந்தது. என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து நாங்கள் வாடகை வீட்டை விட்டபோது, அண்ணன் அதில் ஒரு ஜன்னல் வைத்து எங்களைக் குடியேற்றினார். அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. ஆனால் நாங்கள் குடியிருந்தும் அது புரைதான். சபையின் வீட்டு ஜெபம் முறைவைத்து வரும். எங்களுக்கென்று ஒரு முறை வந்ததே இல்லை.

கணவருக்குச் சோறு இறங்காமல் போனது. நற்கருணை வேண்டும் என்றார். போதகர் வருவதாகச் சொன்ன அன்று அண்ணன் மனைவி, என் மைனி, வந்தாள்.

"இவரைத் தூக்கி எங்க முன்வீட்டுல கெடத்துவோம். ஐயா வெள்ளை அங்கியோட இந்தக் கரிக்குள்ள எப்பிடி வருவாரு?"

"நான் என்ன ஷீட்டா, எடுத்துட்டுப் போயி வேற எடத்துல காயப்போட?" என்றார் இவர், கோணிய வாயால். "நான் கெடக்க எடத்துக்கு ஆண்டவரு வரமாட்டாரா?"

"ஒங்க இஷ்டம். போதகரைக் கொண்டு புரையில இருத்துனாவன்னு சபையில எங்களைத்தான் பேசுவாவ."

போதகரை முன்வீட்டில் இருத்திச் சாயா கொடுத்தார்கள். இங்கே இவருக்கு மூச்சு இழுத்தது. கண் கதவிலேயே இருந்தது. பொறுக்க முடியாமல் முற்றத்தைக் கடந்து போய் நின்றேன்.

"ஐயா, அவரு புரையில கெடக்காரு. தூக்குனா தாங்கமாட்டாரு. நீங்க அங்க வரணும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் சாயாவை வைத்துவிட்டு எழுந்தார். "முன்னால நடங்கம்மா."

தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தபோது அங்கியில் கரி பட்டது. அப்பத்தைத் திராட்சை ரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தார். இவர் விழுங்க வெகுநேரம் பிடித்தது. விழுங்கிவிட்டார். அண்ணன் வெளியே மழையில் நின்றார், உள்ளே வரவில்லை. ஏன் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மறுநாள் இவர் போய்விட்டார். முன்வீட்டு ஹாலில்தான் கிடத்தினார்கள். தடுக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது சொந்தக்காரர்கள், அவர் என் அண்ணன் வீட்டில் நற்கருணை எடுத்து மரித்தார் என்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் மகன் அவுட்ஹவுஸ் என்கிறான். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது.

படிக்கிறவர்களே, இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அண்ணன் இடம் தந்ததை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு மரியாதை என்று நினைத்து வீடு என்று மாற்றவும் வேண்டாம். ஆண்டவர் வந்தது புரைக்குள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.