பரணில் இருந்த இரண்டு மோட்டார்கள்

இது நடந்தது. கதை கட்டுகிறவன் எங்கேயாவது ஓர் இடத்தில் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வான். நான் சொல்லப்போவதில் அப்படி ஓர் இடம்கூட இல்லை. அதனால்தான் நம்பச் சொல்கிறேன்.

என் பெயர் எழிலரசன். பென்னலூரில் வீடு. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. வேலை நேரம் போக எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் பழைய கார். என்னிடம் ஒரு மார்க் டூ அம்பாசிடர் இருக்கிறது. பழைய வண்டியை வாங்கி, உயரத்தைக் குறைத்து, அகல டயர் போட்டு, அந்தக் காலத்துக் குரோம் சாமான்களைத் தேடித் தேடி மாட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் பதினாலு பேர் இருந்தோம். ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் சாமானை விற்க மாட்டார்கள். ஹெட்லைட் வளையம் வேண்டும் என்று ஒருவன் காலையில் எழுதினால், சாயங்காலத்துக்குள் அது செய்தித்தாளில் சுற்றி அவன் வீட்டு கேட்டில் தொங்கும்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் தளவாய் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவரிடமும் ஒரு மார்க் டூ இருந்தது. என் வண்டியின் டேஷ்போர்டு கடிகாரம் அவர் கொடுத்தது. பம்பர் கொம்புகள் அவர் கொடுத்தது. சென்னையில் ஒரு கண்காட்சிக்கு நான் கிளம்பியபோது, தன் வண்டியில் இருந்த ஸ்பாட்லைட்டையே கழற்றி என் வண்டியில் மாட்டினார். "உன் வண்டி ஜோடிக்கட்டும்லே" என்றார். அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

போன வருஷம் ஜூலையில், ஒரே ஒரு முறை, அவர் என்னிடம் கேட்டார்.

"எழிலு, வைப்பர் மோட்டாரு போயிட்டுடே. உங்கிட்ட இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

இருந்தது. பரணில், ஓர் அட்டைப் பெட்டிக்குள், இரண்டு இருந்தன. என் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது போக இரண்டு. நாளைக்கு எனக்கே தேவைப்பட்டால் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, மாலை 5:20. வாலாஜாபாத் சாலையில் நல்ல மழை. ஓரத்தில் நின்றிருந்த டிரெய்லரின் பின்பக்கத்தில் அண்ணாச்சியின் வண்டி போய்ச் செருகியது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததில் முன்னால் எதுவும் தெரிந்திருக்காது என்றார்கள். வைப்பர் ஓடவில்லை என்றும் சொன்னார்கள்.

சாவு வீட்டுக்குப் போனேன். மாலை போட்டேன். வந்திருந்த எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன்.

குழுவில் ஒரு முடிவு எடுத்தார்கள். அண்ணாச்சியின் வண்டியை நாமே சரிசெய்து அவர் மனைவி பேச்சியம்மாள் அக்காவிடம் கொடுத்துவிடலாம். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டால் அவருக்கு ஒரு வருமானம். எங்களில் மூத்தவர் வசந்தகுமார் அண்ணா; சுங்குவார்சத்திரத்தில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். பிள்ளைப்பாக்கத்தில் அவருடைய நிலத்தில் இருந்த தகர ஷெட்டில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். ஒருவர் முன் கண்ணாடி கொடுத்தார். ஒருவர் தன் வண்டிக்கு வைத்திருந்த கிரில்லைக் கொடுத்தார். நான் ஒரு வைப்பர் மோட்டாரைக் கொண்டுபோய் வைத்தேன்.

"டேய்... இது கெடைக்கவே கெடைக்காதேடா. எங்க புட்ச்ச?" என்றார் வசந்தகுமார் அண்ணா.

"காஞ்சிபுரத்துல ஒரு இரும்புக் கடைலண்ணா. நாலு வாரமா அலஞ்சேன்."

வாய் கூசவில்லை. அவர் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. 'எழிலுக்கு எவ்வளவு பெரிய மனசு' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதற்கு ஓர் இதயம் போட்டேன்.

இனிமேல்தான் அந்த மத்தியானம்.

ஆயுத பூஜை. கம்பெனிகள் எல்லாம் மூடிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே சத்தம் நிற்கவே நிற்காது. அன்றைக்கு நின்றிருந்தது. பிரஸ் மெஷினின் அதிர்வு இல்லை. கம்பெனி பஸ் இல்லை. காதில் பஞ்சு வைத்தது போல இருந்தது.

மணி 3:10. ஷெட்டில் நான் மட்டும். வசந்தகுமார் அண்ணா காலையில் வந்து மூன்று போல்ட்டுகளை உள்பக்கமிருந்து சொருகி, விழாமல் இருக்க டேப் ஒட்டிவிட்டு, கடை பூஜைக்குப் போயிருந்தார்.

வேலை இதுதான். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் ஒரு தகடு. மோட்டார் இன்ஜின் பக்கம் உட்காரும். போல்ட்டின் தலை அந்தப் பக்கம், வண்டிக்குள். நான் வெளியே நட்டை முறுக்கும்போது, உள்ளே ஒருவர் போல்ட் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும்.

சுற்றியது. மூன்றும் சுற்றின. பானட்டைத் தூக்கியிருந்ததால் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆள் வரட்டும் என்று அப்படியே சாய்ந்து நின்றேன்.

மணி 3:32. மழை பிடித்தது. தகரத்தில் படபடவென்று. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது. நனையாமல் உள்ளே வரும் என்று நினைத்தேன். அது ஷெட்டுக்குள் பார்த்தது... மழையில் இறங்கி ஓடியது.

அப்போது வண்டி லேசாக அமுங்கியது. டிரைவர் பக்கம். சீட் ஸ்பிரிங் முனகியது.

க்ரீச்...

"வந்துட்டியாண்ணா? புடிச்சிக்கோ" என்றேன்.

போல்ட் நின்றது. தகட்டில் உள்ளேயிருந்து இரண்டு தட்டு.

டக். டக்.

பிடித்துவிட்டேன், முறுக்கு என்று அர்த்தம். முறுக்கினேன். முதல் நட்டு இறுகியது. ஸ்பேனரை இரண்டாவதில் வைத்தேன். அதற்குள் அதையும் பிடித்தாகிவிட்டது.

டக். டக்.

பாதி முறுக்கியிருப்பேன். சட்டைப் பையில் போன் அடித்தது. மணி 3:41. திரையில் வசந்தகுமார் அண்ணாவின் பெயர். உள்ளே உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

"டேய் எழிலு, கடைல இன்னும் பூஜையே முடியல. மழை வேற ஊத்துது. பொரி எட்த்துக்கினு ஒரு மணி நேரத்துல வரேன். நீ தனியா இன்னா பண்ணிக்கினு கீற?"

போனில் பூஜை மணி அடித்தது. ஆட்கள் பேசும் சத்தம்.

என் வலது கையில் ஸ்பேனர். ஸ்பேனரில் நட்டு. நட்டுக்கு அந்தப் பக்கம்...

பிடி விடவில்லை.

போனை வைத்தேன். ஓட நினைத்தேன்.

டக். டக்.

அவசரம் இல்லாத தட்டு. கோபம் இல்லாத தட்டு. அந்தக் கையை எனக்குத் தெரியும். என் வண்டியில் எத்தனையோ சாமான் மாட்டிய கை.

கோபப்பட்டிருந்தால் ஓடியிருப்பேன். அவர் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி..."

ஸ்பேனரை விடாமல் தகட்டின் பக்கம் குனிந்தேன்.

"எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு அண்ணாச்சி. பரண்ல. நீங்க கேட்டப்பவே இருந்துச்சு."

ஒரு நிமிடம்...

இரண்டு நிமிடம்...

டக். டக்.

இரண்டாவதை முடித்தேன். மூன்றாவதையும் முடித்தேன். ஸ்பேனர் நாலு முறை நழுவியது. நாலு முறையும் உள்ளே இருந்தவர் காத்திருந்தார்.

பிடி தளர்ந்தது.

ஸ்பிரிங் முனகியது. வண்டி மேலே எழும்பியது.

பானட்டை இறக்கினேன்.

யாரும் இல்லை.

4:50க்கு வசந்தகுமார் அண்ணா வந்தார். ஷெட்டுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்ற என்னை ஒரு மாதிரி பார்த்தார். டார்ச்சை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"டேய், இத எப்படிடா டைட் பண்ண?"

"ஏண்ணா?"

"காலைல போல்ட்ட சொருகிட்டு, மறந்துபோயி டேஷ்போர்டத் தாங்குற பைப்ப குறுக்கால வெல்டு வெச்சிட்டேன். இந்தச் சந்துல ரெண்டு வெரலுதான் போவும். ஸ்பேனரோட கை போவாது. பைப்ப அறுக்கலாம்னு கட்டர் எட்த்தாந்தேன்."

எட்டிப் பார்த்தேன். இரண்டு விரல் இடைவெளிதான். அதற்கு அந்தப் பக்கம் மூன்று போல்ட்டுகளும் கல் மாதிரி இறுகியிருந்தன.

"எப்படியோ ஆயிடுச்சுண்ணா" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒப்படைத்தோம். அக்கா ஒரகடத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். எல்லோரும் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். வசந்தகுமார் அண்ணா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"வைப்பர் மோட்டாரு இவன் குட்த்ததும்மா. நாலு வாரம் அலஞ்சி எட்த்தாந்தான்."

அக்கா கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. மாட்டிக்கொண்டு திரும்பினேன். அக்கா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"உங்ககிட்ட ரெண்டு இருந்துச்சாம்லா?"

மெதுவாகத்தான் கேட்டார்.

"யாருக்கா சொன்னது?"

"அவுகதான். ஆயுத பூஜ அன்னைக்கு மத்தியானம். வீட்டக் கழுவிட்டு இருந்தேன். வாசல்ல வந்து நின்னாவ. கையெல்லாம் கிரீஸு. எழிலு சொல்லிட்டான் பேச்சி, ரெண்டு வச்சிருந்தானாம், அப்படின்னாவ. மணியப் பாத்தேன். மூணு அம்பது. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல."

நான் அந்த ஷெட்டில் சொன்னது ஒரே ஒரு முறை. அங்கே கேட்க யாரும் இல்லை. அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. இதை எழுதும்வரை சொன்னதில்லை.

"பரவால்லன்னு அவன்ட்ட சொல்லிருன்னாவ" என்றார் அக்கா. "சொல்லிட்டேன்."

தலை குனிந்து நின்றேன். போகவும் தெரியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவுக சொன்னது. நான் சொல்லல."

கதவைச் சாத்திக்கொண்டார்.