சும்மா விட்ட இடம்

போன வாரம் தி.நகரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரரிடம் ஒரு பழைய ரவிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். என் உடம்பு பெருத்த கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கும் வயசாகிறதல்லவா, தெரிந்திருக்கும். அவர் ரவிக்கையை உள்பக்கம் திருப்பி விலாத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டே போனார். வெளியே பார்த்தால் வெளுத்துப் போன துணி. முதலில் என்ன நிறம் என்று எனக்கே மறந்துவிட்டது. உள்ளே, தையலுக்குள் மடங்கிக் கிடந்த இடத்தில், கடையில் எடுத்த அன்று இருந்த அதே நீலம் அப்படியே இருந்தது.

"யாரு மேடம் தெச்சது? ரெண்டு பக்கமும் ரெண்டு வெரல் துணி உட்டுக்கீறாங்க. தாராளமா பிரிக்கலாம். நாலு மணிக்கா வாங்க" என்றார்.

தைத்தது ஜமீலா அக்கா. தையல்காரரிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு காபியைக் குடித்துவிட்டு, வெயிலில் எங்கே போவதென்று தெரியாமல், புடவைக்கடை ஒன்றின் ஏ.சி. வாசலில் ஓசிக்குக் காற்று வாங்கிக்கொண்டு நின்றேன். நாலு மணி வரைக்கும் அந்த நீலம்தான் கண்ணுக்குள் இருந்தது.

நீலம் என்றால் எனக்குக் கோலப்பொடி. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ராயப்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. பதினொரு மணிக்குக் கீழே தம் போட்டால் மேலே ஃபைல்கள்கூட மணக்கும். சாயங்காலம் மயிலாப்பூரில் வீட்டுப் படி ஏறும்போதே அம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிடும். "வாசல்லயே கால அலம்பிண்டு, அந்தப் புடவைய அவுத்துப் போட்டுட்டு ஆத்துக்குள்ள வா" என்பாள். அந்த வாசனைக்காகவே நான் ராஜினாமா செய்யவில்லை என்று அவளிடம் சொன்னதில்லை.

வேலை என்னவென்றால், குடிசைப் பகுதிகளில் மக்களைக் கூட்டி உட்காரவைத்து, இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் திட்டம் எழுதுவது. விளக்குக் கம்பம், குழாய், கழிப்பறை என்று ஒரு பட்டியல் போட்டு மேலே அனுப்புவோம். அந்த வருஷம் படிவத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்தது. பருவநிலை மாற்றமும் பேரிடரும் என்று தலைப்பு. எந்த வசதி கேட்டாலும் முதலில் மழைக்கும் புயலுக்கும் அந்த ஊர் தாங்குமா என்று மக்களிடமே கேட்டு வரைபடம் போடவேண்டும். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் ஊரைக் காப்பாற்றக் கிளம்பினேன்.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்பக்கம், கால்வாய் ஓரமாக நூறு வீடுகளுக்கு மேல் இருந்த இடம். பெயர் சொல்லாமல் விடுகிறேன், இப்போது அந்தப் பெயருக்கு ஆளில்லை. நாலைந்து வண்ணத்தில் கோலப்பொடி வாங்கிக்கொண்டு போனேன். தரையிலேயே ஊரை வரையவேண்டும். தண்ணீர் வந்து கஷ்டப்படுத்தும் வீட்டுக்கு நீலம். நடக்கமுடியாதவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சிவப்பு, அவர்களை முதலில் தூக்கவேண்டும். மேடான இடத்துக்குப் பச்சை. எல்லாம் சரி, எனக்குக் கோலம் வராது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து நேராக ஒரு இழை இழுக்கத் தெரியாதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கால்வாயை வரைகிறேன் பேர்வழி என்று நான் இழுத்த கோட்டைப் பார்த்துப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, காதில் ஒரு துண்டு சாக்கட்டியைச் செருகியிருந்தாள்.

"இன்னா டீச்சரு, இப்டி கோணிக்கினு போவுது? துணியா இருந்தா பாழு. கைய எடு, நான் போடுறேன்" என்றாள்.

அதுதான் ஜமீலா அக்கா. அந்த ஊருக்கே ரவிக்கை தைப்பவள். வாசலில் கோலம் போடும் வழக்கமில்லாத வீடு அவளுடையது. ஆனால் சாக்கட்டியால் துணியில் கோடு போட்டுப் பழகிய கை. பத்து நிமிஷத்தில் கால்வாய், நாலு சந்து, மசூதி, மாரியம்மன் கோவில், பொதுக்குழாய் எல்லாம் தரையில் வந்துவிட்டன. எனக்கு டீச்சர் என்ற பட்டமும் அன்றுதான் கிடைத்தது. நான் அங்கே யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

"பேரிடர்னா இன்னா டீச்சரு? பேரு வெக்கிற ஃபங்ஷனா?" என்று கேட்டாள்.

"வெள்ளம், புயல் இதெல்லாம்க்கா."

"மழைன்னு சொல்லேன், அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய வார்த்த?"

எங்கெல்லாம் தண்ணீர் வந்து கஷ்டம் என்று கேட்டேன். ஒவ்வொருத்தியும் குனிந்து தன் வீட்டு மேல் நீலப்பொடி தூவினாள். ஜமீலா அக்காவும் தன் வீட்டு மேல் ஒரு சிட்டிகை போட்டாள். எல்லாம் முடிந்தபோது நடுவில் ஒரு பெரிய சதுரம் மட்டும் வெறும் மண்ணாக, ஒரு நிறமும் இல்லாமல் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எதிரேயே இருந்தது அந்த இடம். ஒரு கொட்டகை இல்லை, ஒரு கம்பு இல்லை. இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தன.

"இது என்னக்கா?"

"அது சும்மா உட்ட எடம்."

"யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்ல. சும்மா உட்டு வெச்சிகீறோம். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாகூட மறுநாளே பிரிச்சிடணும். எந்தங்கச்சியே ஒரு குடிச போட்டுக்கிறேன்னு வந்து கேட்டா, உடல நானு. இன்னிக்கி வரிக்கும் எங்கூட பேசறதில்ல அவ."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். காலியிடம் என்று எழுதினேன்.

இந்த ஒரு சொல்லைப் பற்றிப் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா கிடக்கிறது வேறு, சும்மா விட்டது வேறு. விட்டது என்றால் விட்டவர்கள் இருக்கிறார்கள், எதற்கோ விட்டிருக்கிறார்கள். மழை நாளில் கால்வாய் பொங்கினால் தண்ணீர் முதலில் அங்கேதான் வந்து முழங்கால் அளவு நிற்கும். இரண்டு நாளில் தானே இறங்கிப் போய்விடும். அங்கே நின்றதால்தான் வீடுகளுக்குள் வாசற்படி அளவோடு போயிற்று. இது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும், அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் போனது சித்திரை மாத வெயிலில். நான் கேட்டது எங்கே கஷ்டம் என்று. அங்கே தண்ணீர் வந்தால் அவர்களுக்குக் கஷ்டமில்லை, அதனால் நீலம் போடவில்லை. என் பொட்டலங்களில் அந்த இடத்துக்கு ஒரு நிறம் இருக்கவில்லை. அப்படியும் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மணி ஒன்றாகிவிட்டது, பசி.

திட்டம் மேலே போனது. எங்கள் வரைபடத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள். பேரிடர் காலத்தில் மக்கள் தங்க ஒரு சமுதாயக்கூடம் சாங்ஷன் ஆனது. எங்கே கட்டுவது? காலியிடம்தான் இருக்கிறதே.

மண்ணடித்து இடத்தை மேடாக்க லாரிகள் வந்த அன்று ஜமீலா அக்கா ராயப்பேட்டை ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் என் அளவு ரவிக்கையும் நான் தைக்கக் கொடுத்திருந்த நீலத் துணியும் இருந்தன. துணியைப் பற்றிக் கேட்கத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"டீச்சரு, அங்க மண்ணு கொட்றாங்கோ. அது சும்மா உட்ட எடம்னு சொன்னேனே?"

"அக்கா, கூடம் உங்களுக்காகத்தானே வருது. பெரிய மழை வந்தா எல்லாரும் அதுல ஏறிக்கலாம். எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கோம்."

அவள் ரவிக்கையையும் துணியையும் மறுபடி சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீ படிச்ச பொண்ணு, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஊர்ல எல்லாம் லாரிய மறிக்கணும்னு நின்னுக்கினுகீறாங்கோ. நான் போய் சொல்லிக்கிறேன்."

சொந்தத் தங்கையை விடாதவள் என்னை நம்பி விட்டாள். அவளே போய் ஊரைச் சமாதானப்படுத்தினாள். நான் அன்று சாயங்காலம் என் பேச்சுத் திறமையை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்னை.

கூடம் எழும்பிய அடுத்த ஐப்பசியிலேயே பெருமழை. காலை ஒன்பது மணிக்குக் கால்வாய் பொங்கியது. வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் மேடும் மதிலும் கட்டிடமும் நின்றதால் தண்ணீர் சந்துகளுக்குள் திரும்பியது. பதினொரு மணிக்கு வீடுகளில் மார்பளவு. எல்லாரும் கூடத்தில் ஏறி நின்று பிழைத்தார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதை நான் எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது. ஆனால் கூடத்தில் நின்றபடி தங்கள் சுவர்கள் ஒவ்வொன்றாக உட்காருவதை அவர்கள் பார்த்தார்கள். ஜமீலா அக்காவின் புருஷன், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்கமுடியாதது. இது வெள்ளம் வரும் இடம், குடியிருக்க லாயக்கில்லை, குடும்பங்களை வெளியே மாற்றவேண்டும் என்று முடிவானது. ஒரு அரசு அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜையில் எங்கள் வரைபடம், என் கையெழுத்து.

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க மேடம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. நிஜமாகவே பாராட்டினார். "எந்தெந்த வீடு முழுகும்னு முன்னாடியே நீலத்துல போட்டிருக்கீங்க. லிஸ்ட் எடுக்க ஈஸியாப் போச்சு."

"சார், வீடு முழுகினதுக்குக் காரணம் கூடம் கட்டின இடம். அது தண்ணி நிக்கறதுக்காக அவங்க விட்ட இடம். கூடத்தை எடுத்தா அவங்க அங்கேயே இருக்கலாம்."

அவர் படத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "காலியிடம்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க?"

படத்தை அவர் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தேன்.

பெருங்குடிக் குப்பைமேட்டைத் தாண்டி, இன்னும் எவ்வளவோ தாண்டி, அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். சாமான் ஏற்றும் அன்று போனேன். யாராவது என்னை நாலு வார்த்தை கேட்பார்கள், கேட்டால் தேவலை என்றுதான் போனேன். ஒருத்தரும் கேட்கவில்லை. டீச்சர் வந்திருக்கு என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை லாரியிலிருந்து இறக்கிப் போட்டார்கள். ஜமீலா அக்கா ஒரு பையைத் திறந்து, தைத்து முடித்த நீல ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள். அவசரமில்லை என்று நான் சொன்னதால் தைக்காமலே கிடந்து வெள்ளத்தில் நனைந்த துணியைத் துவைத்துக் காயவைத்துத் தைத்திருந்தாள்.

"அக்கா, நான் தப்பா எழுதிட்டேன்க்கா."

அவள் ரவிக்கையை உள்பக்கம் திருப்பித் தையலைக் காட்டினாள்.

"ரெண்டு வெரல் உட்டுகீறேன் பாரு. இப்ப நீ ஒல்லியாகீற, இது எதுக்குன்னு தோணும். ஒடம்பு ஏறும்போது தெரியும். சும்மா உட்டது, வெட்டிப்புடாத."

கொஞ்ச நாள் போனில் பேசினாள். அங்கே ரவிக்கை தைக்க ஆள் வருவதில்லை, பாய் வேலைக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டியிருக்கிறது என்றாள். பிறகு நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஒருமுறை தேடிக்கொண்டு போனேன். ஒரே மாதிரி நிற்கும் அத்தனை மாடிகளுக்கு நடுவில், ஜமீலா என்றால் எந்த ஜமீலா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அடையாளமெல்லாம் குழாய்க்கு எதிர்வீடு, மசூதிக்குப் பின்சந்து. அதெல்லாம் அங்கே இல்லை.

போன மாதம் பஸ்ஸில் அந்தக் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தேன். வீடுகள் இருந்த இடத்தில் நடைப்பயிற்சிப் பாதையும் புல்லும். கூடம் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளம் வரும் பகுதி, கட்டிடம் கட்டக்கூடாது என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதைத்தான் அந்தப் பெண்கள் பலகை இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்குத் தையல்காரரிடம் போனேன். ரவிக்கையை அழகாகத் தைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பிரித்த இடத்தில் மட்டும் பளிச்சென்று நீலக்கோடு. அளவு சரியா இருக்கும், போட்டுப் பாருங்க என்றார். வழக்கமில்லாத வழக்கமாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையலை ஒட்டி வெட்டிச் சுத்தமாக ஓரம் அடித்திருந்தது.

"இன்னும் ஒரு வெரல் துணி மிச்சம் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு மேடம். சும்மாதான கெடக்குது, உள்ள உறுத்துமேன்னு வெட்டிட்டேன்."

அவர் காலடியில் மற்ற துணுக்குகளோடு அந்த நீலமும் கிடந்தது. ஏன் வெட்டினீர்கள் என்று வாய்வரை வந்தது. என்னிடம் அந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்கவில்லையே என்று நினைத்து ரவிக்கையை வாங்கிக்கொண்டேன்.