கரித்தூள் மேல் விழுந்த பழி

அந்தக் கைகள் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனின் வாயைக் கண்ணாடிக் குழாயில் மாட்டி, நூலால் சுற்றி இறுக்கின. குழாயின் திருகைத் திருப்பிக் குடுவைக்குள் இருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்தன; ஹைட்ரஜனை விட்டன; மறுபடி உறிஞ்சின. மூன்று தடவை. ஒன்று குறைந்தாலும், மிச்சமிருக்கும் காற்றோடு ஹைட்ரஜன் கலந்து, பல்லேடியம் என்ற உலோகம் ஏறிய கரித்தூள் அதற்குத் தீ வைத்துவிடும். இடது மணிக்கட்டில் அதற்கொரு தழும்பு இருந்தது.

செல்வமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற தற்காலிக வேலை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மாணவர்கள் எறிந்த குறிப்பேடுகளைப் பொறுக்கிப் படித்துத்தான், ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பு பல்லேடியத்தின் மேல் ஹைட்ரஜனை ஏற்று ஒற்றையாகி ஆல்கேன் ஆவதைத் தெரிந்துகொண்டார். ஹைட்ரஜன் செலவாகச் செலவாகப் பலூன் சுருங்கும். அவருக்கு அதுதான் கடிகாரம்.

ஆராய்ச்சி மாணவி விஜயஸ்ரீக்கு மூன்று வாரமாகப் பலூன் சுருங்கவில்லை. துறைத் தலைவர் சிவசங்கரன் வந்து பார்த்தார்.

"கரித்தூள் புட்டியத் திறந்து போட்டுட்டீராவே?"

"இல்ல சார், இறுக்கித்தான் வைக்கேன். எனக்கு அந்த ரப்பர் மூடி மேலதான் சந்தேகம்."

போன வருஷம் கரைப்பான் பாட்டில்களின் கண்ணாடி மூடிகள் உடைந்தபோது, சிவப்பு ரப்பர் மூடி போதும் என்று வாங்கச் சொன்னவர் சிவசங்கரன். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். கரைப்பான் அதைப் பைய இழுத்துக்கொள்ளும். துளிக் கந்தகம் பட்டாலே பல்லேடியம் செத்துப்போகும்.

"பத்தாங்கிளாஸ் படிச்சவரு எனக்குக் கந்தகப் பாடம் எடுக்காரு, கேட்டியாம்மா!"

விஜயஸ்ரீயும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அன்னத்தாய் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, உங்க கவனக்குறைவாலதான் அந்தக் கரித்தூள் பாழாப் போச்சுன்னு சார் கடுதாசி எழுதி வச்சிருக்காரு. ஜூன்ல உங்களுக்கு வேலை கிடையாதாம்."

செல்வமணி நேரே சிவசங்கரன் அறைக்குப் போனார். "சார், அதே புட்டிக் கரித்தூள வச்சுச் செஞ்சு காட்டுதேன். பலூன் சுருங்கிட்டுன்னா அந்தக் கடுதாசியக் கிழிச்சிருவீயளா?"

"மொதல்ல சுருங்கட்டும்வே."

அதற்காகத்தான் மறுநாள் காலை அந்தக் கைகள் பலூனை மாட்டின. கரைப்பானை முத்திரை உடைக்காத பாட்டிலிலிருந்து எடுத்தார். விஜயஸ்ரீயின் ஆல்கீனிலும் பழைய கரைப்பானின் கந்தகம் ஒட்டியிருக்கும் என்று, அதை வெறும் கரியோடு சூடாக்கி இரண்டு தடவை வடிகட்டியிருந்தார். கரித்தூள் மட்டும் பழி சுமந்த புட்டியிலிருந்தே.

அரை மணியில் பலூனின் தோல் தளர்ந்தது. மத்தியானத்துக்குள் அது வதங்கிய கத்தரிக்காய் போலத் தொங்கியது. குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து அதில் புரோமின் விட்டார். ஆல்கீன் மிச்சமிருந்தால் புரோமினின் செம்பழுப்பு நிறம் மறைந்திருக்கும், மறையவில்லை. கரித்தூளை வடிகட்டும்போது அதன்மேல் விரல் உயரத்துக்குத் திரவம் நிற்கும்படி ஊற்றிக்கொண்டே இருந்தார். உலர்ந்தால் தாளோடு பற்றிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் அடியில் வெள்ளைப் படிகம் தங்கியது. அதைச் சின்னக் குப்பியில் அடைத்தார்.

சிவசங்கரன் அறையில் விஜயஸ்ரீயும் இருந்தாள். சுருங்கிய பலூனையும் குப்பியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அந்தக் கடுதாசி..."

"அது நேத்தே செயலர் கைக்குப் போயிட்டுவே. இப்போ போயி கரித்தூள் நல்லாத்தான் இருக்குன்னு எழுதுனா, அப்போ மூடி வாங்குனது யாருன்னு கேப்பாகளா, மாட்டாகளா? நீரே சொல்லும்."

விஜயஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் சிவசங்கரன்.

செல்வமணி குப்பியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"எடை மேலேயே எழுதியிருக்கேன்ம்மா. எதுக்கும் தராசுல ஒருக்கா சரிபாத்துக்கிடுங்க" என்று அவள் கையில் வைத்தார்.