முத்துவேலு அண்ணனின் சின்ன ஸ்கோப்பு

போன வியாழக்கிழமை, நான் வேலை செய்யும் ஈப்போ இரும்புக்கடைக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் முத்துவேலு அண்ணனின் மருமகன். "மாமா காலையில தவறிட்டாருண்ணே. உங்களுக்குக் கண்டிப்பா சொல்லிடச் சொன்னாங்க அத்தை" என்றார். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு ஆணி கேட்டு வந்தவருக்குத் திருகாணியை நிறுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். அழுகை வரவில்லை. பல வருஷமாக மனசில் கிடந்த ஒரு கேள்விதான் வந்தது. அதற்குப் பதில் சொல்லாமலே மனுஷன் போய்விட்டாரே என்று கோபமும் வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கும் அந்தச் சம்பவம் தெரியும். எழுபதுகளின் நடுவில் ஒரு விடியற்காலை, சித்தியவான் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், முத்துவேலு அண்ணன் என்னைக் காட்டுப்பன்றி என்று நினைத்துக் குறிவைத்தார். ஆனால் சுடவில்லை. நான்தான் என்று கண்டுகொண்டு விரலை எடுத்தாரா, வேறு ஏதாவதா? எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "உயிரோட இருக்கேல்ல, அப்புறம் என்ன?" என்று சிரித்துக்கொண்டே லாரியைக் கிளப்பிவிடுவார்.

அவர் தோட்டத்து லாரி ஓட்டுநர். நான் ஸ்டோர் கிராணி. மண்வெட்டியும் அமிலமும் எடுத்துக் கொடுக்கிற வேலை. புதிதாக நட்ட கன்றுகளைப் பன்றிகள் கிளறித் தள்ளிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ரைபிள் ஒன்று ஆபீஸில் பூட்டிக் கிடந்தது. லைசென்ஸில் முத்துவேலு அண்ணனின் பெயரும் இருந்ததால் பன்றி சுடும் பொறுப்பு அவருடையது. நாற்பதைத் தாண்டியதும் துப்பாக்கிக் குழாயின் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன்முள் அவருக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. "முள்ளைப் பாத்தா பன்னி தெரியல, பன்னியப் பாத்தா முள்ளு தெரியல தொரை" என்று மானேஜரிடம் சொன்னார். ரைபிள்மேல் பொருத்திப் பார்க்கும் ஸ்கோப்பு வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இங்கிலீஷில் அச்சடித்த விவரங்களை வாசித்துச் சொல்ல என்னையும் ஈப்போவுக்குக் கூட்டிப்போனார்.

அவரோடு கடைக்குப் போனவர்களுக்கு என் பாடு புரியும். சட்டைத் துணி எடுக்கவே அரைநாள் பிடிக்கிற மனுஷன். துப்பாக்கிக் கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று எப்போதும் நான்கு மடங்கு காட்டுவது. இன்னொன்று வளையத்தைத் திருகினால் மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை போவது. மூன்றாவது ஒல்லியான குழாய். ஒன்றரையில் தொடங்கி நாலரையோடு நின்றுவிடும். ஒன்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. மானேஜர் சொல்லி அனுப்பியதும் அதுதான். "எல்லாரும் பெருசுதான் கேப்பான், இது பாகுஸ் லா, நல்ல சாமான்" என்று தவுக்கேயும் அரைகுறைத் தமிழில் சொல்லிப் பார்த்தார்.

முத்துவேலு அண்ணன் வாசலில் நின்று பெரியதை வலது கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார். எதிரே ஒரு காப்பிக்கடை. "எழுத்து தெரியுது. கடை எங்க?" என்றார். பிறகு சின்னதை எடுத்துக் குறைந்த அளவில் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடியே பார்த்தார். "இதுல சைக்கிள்காரன் வாரது முன்னாலேயே தெரியுது" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். பெரியதில் காப்பிக்கடைக்காரரின் காதுமடல் தெரிந்தது. சின்னதில் மனிதர்கள் கட்டைவிரல் அளவுக்கு நடமாடினார்கள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. தூரத்தில் உள்ளதைப் பெரிசாகக் காட்டத்தானே ஸ்கோப்பு? சின்னதாகப் பார்க்கக் கண்ணே போதுமே.

கடைசியில் சின்னதையே வாங்கினார். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார். பெரிசாக்க ஆக்க உள்ளே இருட்டிக்கொண்டு வரும், விடியற்காலையில் உதவாது என்று தவுக்கேயிடம். கனம் குறைவு என்று மானேஜரிடம். ரப்பர் நிரைக்குள் பன்றி பத்து மரத்துக்கு அப்பால் நிற்கப்போவதில்லை என்று என்னிடம். எல்லாமே சரியாகத்தான் இருந்தன, அதனால்தான் எதையும் நம்ப முடியவில்லை. தோட்டத்துக்கு வந்ததும் அளவு மாற்றும் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். மானேஜர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "திருகவே மாட்டேன்னா மாத்துற ஸ்கோப்பு எதுக்கு முத்துவேலு?" என்றார். "பெரிசாக்கலாம்னு தெரிஞ்சா போதும் தொரை" என்பதுதான் பதில். அதன் அர்த்தம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். என் வீட்டுச் சினையாடு முதல்நாள் மேயப் போனது திரும்பவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆள் கூடுமுன் தேடிப்பிடிக்கலாம் என்று புறப்பட்டேன். மழை தூறியதால் கோணிச்சாக்கை மடித்து, தலையும் முதுகும் மூடக் கொங்காணி போட்டுக்கொண்டேன். காட்டோரத்துப் புதுநடவில் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து ஒரு குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "யாரு?" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை. ஏன் என்று தோட்டத்து ஆள்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் வராத நேரத்தில், காட்டோரத்தில், ஒற்றைக் குரலுக்கு யாரும் வாய் திறக்கமாட்டோம். மனிதனாக இருந்தால் மூன்று தடவை கூப்பிடுவான், காத்துக்கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. முத்துவேலு அண்ணனும் எங்களில் ஒருவர்தான், அவருக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆனால் பன்றி வேட்டையில் ஒரு குரலுக்குமேல் கொடுத்தால் பன்றி ஓடிவிடும். ஒரு குரலுக்கு அது தலையைத் தூக்கி அப்படியே நிற்கும், அப்போது சுட வேண்டும். நானும் அப்படியேதான் இருந்தேன்.

கொஞ்சம் கழித்துக் குட்டிகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நிரையின் கடைசியில் முத்துவேலு அண்ணன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார். நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

பிரட்டில் எல்லோரிடமும் சொன்னேன். இருட்டிலும் அண்ணன் என்னைக் கண்டுபிடித்துவிட்டார், நல்ல ஸ்கோப்பு, நல்ல கண் என்று கும்பிட்டேன். அவர் லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நீயா அங்க இருந்த?" என்று கேட்டார். எப்போதும் கேலி பேசுகிறவர் என்பதால் நான் சிரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்த வாரமே கண் சரியில்லை என்று ரைபிளை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டார். மானேஜர் எவ்வளவு கேட்டும் மறுபடி தொடவில்லை. பிறகு தோட்டம் துண்டாடப்பட்டு, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். "வேணாம்டா தம்பி" என்று காலை இழுத்துக்கொள்வார். அடக்கம் என்று நினைத்தேன்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் மனைவி ராஜம்மா அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தம்பி, உன்கிட்ட சொல்லிடணும்னுதான் போன் போடச் சொன்னேன். அவருக்கு அன்னைக்கு நீதான்னு தெரியாது."

"அப்புறம் ஏன் சுடலக்கா?"

"வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னாரு. தாய்ப்பன்னி ஒன்னு, பக்கத்துல ரெண்டு குட்டி தள்ளாடிக்கிட்டு நின்னுச்சாம். குட்டியோட இருக்கிறதச் சுட மனசு வரலன்னாரு. தொரைகிட்ட சொல்லிடாதன்னாரு. அப்புறம் பிரட்டுக்குப் போனாரு, நீ வந்து கும்பிட்டியாம். அன்னைக்கெல்லாம் மனுஷன் சாப்பிடல தம்பி. உன்கிட்ட சொல்ல வாய் வரல அவருக்கு."

பஸ்ஸில் ஈப்போ திரும்பும்வரை இதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் தெளிவில்லை. அந்தப் பெரிய ஸ்கோப்பாக இருந்திருந்தால் சாக்கின் இழை தெரிந்து, ஆள் என்று கண்டுகொண்டிருப்பாரா? அல்லது சாம்பல் நிற முதுகு மட்டும் கண்ணை நிறைத்து, குட்டிகள் வெளியே போய், விரலை அழுத்தியிருப்பாரா? இத்தனை வருஷம் நான் விழுந்து கும்பிட்டது எதற்கு? கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கிறது. அவரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. என் கும்பிடு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரை எப்படிக் குத்தியிருக்கும்? ஐயோ அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நடந்த அந்த முதுகைத்தான். கூர்மையான கண் என்று இதுவரை ஊரெல்லாம் சொல்லிவந்தேன், இனி அதைச் சொல்லமாட்டேன். நான்தான் என்று தெரிந்து சுடாமல் விட்டிருந்தால் அது எனக்குச் செய்த உதவி, அவ்வளவுதான். அவருக்கு நான் யாரென்றே தெரியாது. உண்மையிலேயே பன்றியாக இருந்திருந்தாலும், அன்றைக்கு நான் உயிரோடுதான் திரும்பியிருப்பேன்.